பத்தில் இரண்டு மில்லிமீட்டர் மழை

தினமும் காலையில் கண்ணை மூடிக் கடவுளிடம் பேசிவிட்டு வேலையைத் தொடங்கும் ஒருத்தி, ஒரு கருவியைப் பார்த்து ஓர் எண்ணை எழுதிக் கொடுக்கிறாள். அந்த எண்ணை நீங்கள் நம்புவீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். நம்புவேன் என்பவர் அவளுடைய பக்தியைப் பார்த்துச் சொல்லியிருப்பார். மாட்டேன் என்பவரும் அதையே பார்த்துத்தான் சொல்லியிருப்பார். கருவியை எட்டிப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றியிருக்காது.

வானிலை அலுவலகத்தில் அவளுக்கு மில்லியக்கா என்று பெயர். மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றி, குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பாள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு யாரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நிற்பாள். மில்லி என்றதும் சாராயக்கடை ஞாபகம் வந்து சிரிப்பவர்களும் உண்டு. அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளுடைய அப்பா சலவைக்கடை வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "இன்னைக்குக் காயுமாம்மா?" என்று பெண்ணைக் கேட்பார். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மழை வேண்டாம் என்று கைகூப்புவார்கள். வார விடுமுறையில் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனால், கீழே பள்ளத்தாக்கில் பயிர் வைத்தவர்கள் எல்லாம் மழை வேண்டும் என்று உருகுவார்கள். அப்பாவும் அவர்களோடு எழுந்து நிற்பார். உதடு மட்டும் அசையாது. ஏழு வயதில் அவள் கேட்டாள்: "அப்பா, நாம வேணாங்கறோம், அவங்க வேணுங்கறாங்க. கடவுள் யாரு பேச்சைக் கேப்பாரு?"

"நான் என்ன ஊருக்கே வேணாம்னா சொல்றேன்? நம்ம கொடிக்கயிறு இருக்கற எடத்துல மட்டும் வேணாம்னு சொல்றேன்" என்றார் அப்பா.

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. மேகம் எங்கே பிறக்கிறது, ஏன் ஒரு தெருவில் பெய்து மறு தெருவில் பெய்யாமல் போகிறது என்று தேடத் தொடங்கியவள் இயற்பியலில் பட்டம் வாங்கி அந்த ஊர் வானிலை நிலையத்திலேயே, கருவிகளை அளந்து எழுதும் பார்வையாளராக வந்து சேர்ந்தாள். கேள்வி வந்ததும் கடவுளை விட்டுவிடுவார்கள் சிலர்; கேள்வியை விட்டுவிடுவார்கள் பலர். அவள் இரண்டையும் விடவில்லை. கருவிகள் நிற்கும் புல்வெளியின் வேலிக்கதவைத் திறக்குமுன் அரை நிமிடம் கண்ணை மூடுவாள். அவள் முணுமுணுத்தது இதுதான்: "நான் ஆசைப்படறதை என் கண்ணுக்குக் காட்டாதே. இருக்கறதைக் காட்டு."

இதைவிடச் சுருக்கமாக அறிவியலுக்கு யாரும் விளக்கம் சொல்லிவிட முடியாது. ஆனால் அவள் என்ன முணுமுணுக்கிறாள் என்று அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. புதிதாக வந்த இயக்குநர் ஒருநாள் அவள் கண்மூடி நிற்பதைப் பார்த்தார். மறுமாதம் அவளை, பதினோரு வருடம் பார்வையாளராக இருந்து அவள் உயர்ந்திருந்த கணிப்புப் பிரிவிலிருந்து எடுத்துப் பழைய பதிவேடுகள் இருக்கும் ஆவண அறைக்கு அனுப்பினார். "பக்தி இருக்கறவங்க பழைய பேப்பரைப் பாத்துக்கட்டும். நாளைக்கு என்ன நடக்கும்னு சொல்றதுக்கு அறிவு வேணும்" என்று தேநீர் நேரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அவளுடைய கணிப்புகளில் பிழை மற்ற எவருடையதையும்விடக் குறைவு என்று அதே அலுவலகத்தின் கோப்பு சொன்னது. அவர் கோப்பைத் திறக்கவில்லை. சான்றைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுவதற்குப் பகுத்தறிவு என்று பெயர் வைத்துக்கொண்டால், குருட்டு நம்பிக்கைக்கு வேறு பெயர்தான் தேட வேண்டியிருக்கும்.

ஆவண அறையில் அவள் பத்து வருடம் இருந்தாள். ஐம்பத்திரண்டு வயதாயிற்று. பிரிவுத் தலைவர் ஓய்வுபெறப் போகிறார், அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்று பேச்சு வந்த சமயத்தில், பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார்.

கையில் கசங்கிய மனு. புதிதாகக் கால்வாய் வெட்டப் போகிறார்கள். கடந்த முப்பது வருடத்தில், தொடர்ந்து நாற்பது நாளுக்குமேல் மழையே இல்லாத வறட்சி ஐந்து முறையாவது வந்த இடங்களுக்குத்தான் அந்தத் தண்ணீர். இந்த நிலையத்து மழைக்கணக்குத்தான் பள்ளத்தாக்குக்கும்; அதன்படி நான்கு முறைதான் என்று மனு திரும்பி வந்துவிட்டது. மாத முடிவில் பட்டியலை மூடிவிடுவார்கள்.

"அஞ்சாவது இருக்கும்மா. இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி. எழுபத்தொரு நாள் வானம் ஒரு பொட்டு விடலை. எங்க அண்ணன் ஊரைவிட்டுப் போனதே அந்த வருஷந்தான். பாதி வீடு இன்னும் பூட்டித்தான் கெடக்கு."

அவள் கணினியில் அந்த ஆண்டைத் திறந்து பார்த்தாள். "முப்பத்துமூணு நாள் மழை இல்லை. முப்பத்துநாலாவது நாள் தூறல், பத்தில் ரெண்டு மில்லிமீட்டர். அப்புறம் முப்பத்தேழு நாள் இல்லை. நடுவுல உடைஞ்சு போச்சு வாத்தியாரே. ரெண்டு துண்டும் நாப்பதுக்குக் கீழே."

"அன்னைக்கு ஒண்ணும் பெய்யலையேம்மா!"

அவள் தேதியைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "இது நம்ம பிரார்த்தனைக் கூடத்துக் கல்லுல செதுக்கி வெச்ச தேதி. ஊரே கூடி வேண்டிக்கிட்டு, மறுநாள் காலையில மழை வந்துச்சுன்னு. வாராவாரம் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தானே நீங்க மூணாவது வரிசையில போய் உக்காருறீங்க?"

வாத்தியார் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அது வேறம்மா, இது வேற. அது கூடத்துக் கணக்கு. இது கால்வாய்க் கணக்கு."

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு அவள் காதில் நின்றது. அந்தத் தூறலை அளந்தவள் அவள்தான். அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. முதல் நாள் மாலை முழுக்கக் கூடத்தில் நின்று அழுது வேண்டியவளும் அவள்தான். காலை எட்டு மணிக்கு மழைமானியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் இருந்தது. அந்தக் கதையை எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள்! முகத்தில் விழுந்த தூறலின் சில்லிப்புகூட அவளுக்கு நினைவிருந்தது.

கணினியில் ஏற்றியபோது எண்களை மட்டும்தான் ஏற்றியிருந்தார்கள். காகிதப் பதிவேட்டில் 'குறிப்பு' என்று ஒரு கடைசிப் பத்தி உண்டு. அது நீளமாக இருக்கிறது, யார் தட்டச்சு செய்வது என்று விட்டுவிட்டார்கள். அவள் ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து அந்த வருடப் பதிவேட்டை இறக்கி, தூசியைத் தட்டிப் பிரித்தாள்.

மூன்று மணிக்கு ஒருமுறை எடுத்த வானக் குறிப்பு: மேகம் இல்லை. மேகம் இல்லை. மேகம் இல்லை. காற்று: அசைவில்லை. புல்மட்ட வெப்பமானி: அந்த மாதத்திலேயே மிகக் குறைவு. கடைசிப் பத்தியில் அவளுடைய சின்னப் பெண் கையெழுத்து: 'காலை ஆறு மணி. புல் நனைந்திருந்தது. சிமெண்டு மேடை உலர்ந்திருந்தது.'

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தூறல் விழுந்திருந்தால் மேடையிலும் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கும். பனி அப்படியில்லை. மேகமில்லாத வானத்தின்கீழ் பூமி தன் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். மெல்லிய புல் சீக்கிரம் குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். மழைமானியின் செம்புப் புனலும் அப்படித்தான். கனத்த சிமெண்டு மேடை பகல் சூட்டை உள்ளே வைத்திருப்பதால் காய்ந்தே கிடக்கும். மழைமானியில் இருந்தது பனி. பனியை மழைக்கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம்.

'வகை' என்ற பத்தியை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தாள். 'தூறல்' என்று எழுதியிருந்தது. அதற்கு அடியில், பேனாவால் அடித்து மறைத்த இன்னொரு சொல். பனி.

அப்போதுதான் எல்லாம் வந்தது. பனி என்று சரியாகத்தான் எழுதினாள். வேலிக்கு வெளியே கூடத்து ஆட்கள் பத்துப் பேர் நின்றார்கள். "பெஞ்சுதாம்மா? பெஞ்சுதா?" என்று ஒரு குரல் வந்தது. முப்பத்துநாலு நாள் காய்ந்த முகங்கள். அவள் பேனாவைத் திரும்ப எடுத்தாள். முகத்தில் விழுந்த அந்தத் தூறல் வானத்திலிருந்து விழவே இல்லை. அந்தச் சில்லிப்பு அவளே பின்னாளில் மனதில் செய்துகொண்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் கல் தச்சர். கூடத்துக் கல்லைச் செதுக்கியது அவர்தான். தேதி சரியா என்று கேட்க வானிலை நிலையத்துக்கு வந்தவர், ஒரு தேதிக்காக நான்கு தடவை வந்தார். கல்யாணம் அப்படி நடந்தது. தட்டின்முன் உட்கார்ந்திருந்தவரிடம் அவள் சொன்னாள்:

"ஏங்க, அன்னைக்கு மழை பெய்யலைங்க."

"என்னைக்கு?"

"உங்க கல்லுல இருக்கற அன்னைக்கு."

அவர் கை தட்டில் நின்றது. "விளையாடாதே."

அவள் முழுக்கச் சொன்னாள். அவர் தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "விட்டுடேன். ஒரு சொட்டு. அதுவும் நீ சின்னப் பொண்ணா இருந்தப்போ. இதனால யாருக்கு என்ன ஆயிடுச்சு?" என்றார்.

"பள்ளத்தாக்குக்குக் கால்வாய்த் தண்ணி இல்லாம போச்சுங்க."

"அப்போ கடவுள் நம்மளைக் கேக்கவே இல்லைங்கறியா? அத்தனை பேர் அழுதோமே!"

"அவரு கேட்டாரா இல்லையான்னு சொல்ல என்கிட்ட கருவி இல்லை. மழை பெஞ்சுதான்னு கேட்டா, அதுக்கு இருக்கு. பெய்யலை."

"நம்ம கல்யாணத்தையும் அடிச்சுத் திருத்தி எழுதிடுவியா?"

"அதுல அடித்தல் திருத்தல் ஒண்ணும் கெடையாதுங்க. நீங்க நாலு தடவை வந்தது பதிவேட்டுலயே இருக்கு, பார்வையாளர் கையெழுத்தோட."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து கைகழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

அவள் உடனே இயக்குநரிடம் ஓடவில்லை. ஒரு நாள் பொய்யென்றால் மற்ற நாட்கள்? அவள் பார்வையாளராக இருந்தது பதினோரு வருடம், நாலாயிரம் நாட்களுக்கு மேல். ஒவ்வொரு நாளையும் காகிதத்தில் திறந்து, மழைக்கு எதிரே மேகத்தையும் ஈரப்பதத்தையும் குறிப்பையும் வைத்துச் சரிபார்த்தாள். மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமல் திரும்பிப் போன நாட்கள் உண்டு. பதினெட்டு நாளில் முடித்தாள். இன்னும் இரண்டு பிழை அகப்பட்டது. இரண்டும் கூட்டலில் வந்த தவறு. வேண்டிக்கொண்டு எழுதிய எண் வேறெதுவும் இல்லை.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது அந்தப் பட்டியலையும் பதிவேட்டையும் இயக்குநர் மேசையில் வைத்தாள்.

"தெரிஞ்சேதான் மாத்தினீங்களா?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார்."

"வேண்டிக்கிட்டதுக்காக?"

"ஆமா சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் பத்து வருடத் திருப்தி. "நான் சொன்னப்ப எல்லாரும் மூஞ்சியைத் தூக்கினீங்க. இப்போ உங்க சாமியே உங்களை மாட்டிவிட்டுட்டாரே!"

"தினமும் அவர்கிட்ட அதைத்தான் சார் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் அதைக் கவனிக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்டத் திருப்தி வடிந்து முகத்தில் வேறொன்று ஏறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தணிந்தது. "இது வெளியே போனா அலுவலகத்து மானமே போயிடும்மா. ஒரு பதிவு தப்புன்னு தெரிஞ்சா ஊருல உள்ளவன் எல்லாம் மனுவோட வந்து நிப்பான். நீங்க தலைவர் ஆகணும் இல்லையா? நான் எழுதித் தர்றேன். இதை அடுத்த வருஷம் நிதானமாப் பாத்துக்கலாம்."

பாருங்கள், பக்தியைவிட அறிவுதான் வேண்டும் என்று மார்தட்டியவர் கதவைச் சாத்துகிறார். கூடத்தில் கல்லைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கும் இவருக்கும் இப்போது என்ன வித்தியாசம்? இரண்டு பக்கத்துக்கும் வேண்டியிருப்பது ஒன்றுதான்: அந்தத் தூறல் பெய்ததாகவே இருக்கட்டும்.

மில்லியக்கா உட்காரவில்லை. "அடுத்த வருஷம் கால்வாயை வேற பக்கம் வெட்டி முடிச்சிருப்பாங்க சார்."

"உங்க மேல நடவடிக்கை எடுக்கணும். புரியுதா? அந்த நாற்காலி கெடைக்காது."

"சரி சார். நடவடிக்கைக்கு ஒரு தாள், திருத்தத்துக்கு ஒரு தாள். ரெண்டையும் எழுதிக் கொண்டுவந்திருக்கேன். எங்கே கையெழுத்துப் போடணும்னு பென்சில்ல குறிச்சிருக்கு."

அவர் இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு வழி தேடித்தான் பார்த்தார். பெண்ணும் பதிவேடும் அசையாமல் எதிரே இருந்தன. கையெழுத்துப் போட்டார்.

அலுவலகத்தை முடித்தாகிவிட்டது. கூடம் அவளுக்கு அதைவிடக் கடினம். அங்கே அவளுக்கு மேலதிகாரி கிடையாது; அவள் குழந்தையாக இருந்தபோது தூக்கி வைத்திருந்தவர்கள்தான் இருந்தார்கள். அந்த வாரம் பாட்டு முடிந்ததும் எழுந்து கல்லின் பக்கத்தில் போய் நின்றாள். நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "உங்க ஆபீஸ்காரங்க இப்படிச் சொல்லச் சொன்னாங்களா? சம்பளத்துக்காகச் சாமியை வித்துட்டியேம்மா!"

"சொல்ல வேணாம்னுதான் அண்ணே சொன்னாங்க."

"எங்க வேண்டுதல் பொய்யா அப்போ?"

"வேண்டுதல் பொய்யில்லை அண்ணே. நானும் அழுதேன், அது பொய்யா? நான் எழுதினது பொய்." தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "முப்பத்துநாலு நாள் காஞ்ச காத்து. ஒரு துண்டு மேகம் இல்லை. அந்தக் காத்துக்குள்ள இருந்து ஒவ்வொரு புல் நுனிக்கும் ஒரு சொட்டு வந்து உக்காந்திருந்துச்சு. யாரும் கேக்கலை. யாரு வயலுன்னு பாக்கலை. நான் என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். பாத்துட்டு, இது போதாது, மழைன்னு எழுதுன்னு பேனாவை எடுத்தேன். கடவுள் செஞ்சதை அடிச்சுட்டு, நான் விரும்பினதை எழுதினேன். இதுக்கு மேல என்ன பாவம் இருக்கு, சொல்லுங்க."

இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. இன்றுவரை அவளோடு பேச்சில்லை.

"கல்லை என்ன பண்றது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கல்லு என் வேலை. நான் பாத்துக்கறேன்" என்று ஒரு குரல் வந்தது. மூன்று நாள் மௌனம் கலைந்த பிறகும் வீட்டில் உப்பு, தண்ணீர் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்காரருடையது. கல்லை அவர் பெயர்க்கவில்லை. தேதிக்குக் கீழே இடம் பார்த்து இன்னொரு வரி செதுக்கினார்: 'அன்று பெய்தது பனி.' செதுக்கி முடித்து, எழுத்துக்குள் இருந்த தூளை ஊதிவிட்டு, "பனி பெய்யும்னு சொல்லலாமா, விஞ்ஞானப்படி?" என்று அவளைக் கேட்டார்.

"விஞ்ஞானப்படி தப்பு. படியும்னு சொல்லணும்."

"செதுக்குறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டியா?"

"நீங்க கேட்டாத்தானே!"

கால்வாய்க் குழு இரண்டு முறை கூடியது. திருத்தத்தைச் சந்தேகப்பட்டு வேறு ஊர் நிபுணர் ஒருவரை வரவழைத்தது. அவர் அந்தக் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு, மேடை இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரே வரியில் ஒப்புதல் எழுதினார். எழுபத்தொரு நாளும் ஒன்றாயின. ஐந்தாவது வறட்சி கணக்கில் ஏறியது. பள்ளத்தாக்கின் பெயர் பட்டியலின் கடைசியில் ஒட்டிக்கொண்டது.

செய்தியைச் சொல்ல வாத்தியார் மூச்சிரைக்க ஆவண அறைக்கு ஓடிவந்தார். "அம்மா! நம்ம வேண்டுதலுக்குப் பலன் கெடைச்சுடுச்சும்மா! இருபத்தொன்பது வருஷம் கழிச்சு!"

மில்லியக்கா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "வாத்தியாரே, நீங்க திருந்தவே மாட்டீங்க. கெளம்புங்க, எனக்கு வேலை இருக்கு." பிரிவுத் தலைவர் நாற்காலியில் அவளைவிட எட்டு வருடம் இளைய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அன்று வேலை, விட்டுப்போன குறிப்புப் பத்திகளை முப்பது வருடத்துக்கும் கணினியில் ஏற்றுவது. யாரும் சொல்லித் தொடங்கியதில்லை. ஆறாவது வருடப் பதிவேடு வரை வந்திருந்தாள்.

கடவுள் உண்டா என்ற வழக்கு அதன்பாட்டுக்கு நடக்கட்டும். தன்னைத்தவிர சாட்சி இல்லாத ஒரு பொய்யை, தானே போய்த் தேடி, தானே பிடித்து, தன் பெயரோடு நடுக்கூடத்தில் வைத்த ஒருத்தியின் முன்னால் எந்தக் கட்சிக்காரரும் கொஞ்சம் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். நாலாயிரம் நாட்கள்! எவரும் கேட்கவில்லை, எவரும் மிரட்டவில்லை. மனிதப் பிறவிக்கு இது முடியும் என்பதே எத்தனை பெரிய விஷயம்.

உங்கள் கையெழுத்தோடும் எங்காவது ஒரு தவறு நின்றுகொண்டிருக்கும். மாணவனுக்குப் போட்ட மதிப்பெண்ணாக இருக்கலாம், ஒருவர்மேல் எழுதிய அறிக்கையாக இருக்கலாம், நோயாளியின் சீட்டாக, காவல் நிலையத்தில் சொன்ன சாட்சியாக இருக்கலாம். அதனால் யார் வீடு பூட்டிக் கிடக்கிறதென்று உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். இந்த வாரத்துக்குள் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். தவறை அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் போட்டு, அதனால் பாதிக்கப்பட்டவரிடம் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.